கையால் செய்த நகையை ஆன்லைனில் விற்பது எப்படி: சென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

சௌகார்பேட்டை நாராயண முதலி தெருவில் ஏதாவது ஒரு ஃபேன்ஸி கடை வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஜிமிக்கி வாங்க வரும் பெண் முதலில் அதை உள்ளங்கையில் போட்டுக் கனம் பார்ப்பார். காதோரம் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார். திருகாணியைத் திருகிப் பார்ப்பார். பின்பக்கம் திருப்பி, ஒட்டியிருக்கிறதா கோத்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்ப்பார். கடைசியில் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் "எவ்வளவு?" என்று வாய் திறப்பார்.

ஆன்லைனில் வாங்குபவருக்கு இந்த ஐந்தில் ஒன்றுகூட முடியாது. அவர் கையில் இருப்பது ஒரு ஃபோன் மட்டும். அவருடைய கை செய்திருக்க வேண்டிய வேலையை நாம் செய்து கொடுத்தால் அவர் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மேற்கு மாம்பலத்தில் வீட்டின் பின்கட்டில் டெரகோட்டா, அதாவது சுட்ட மண் நகை செய்து விற்கிறேன். படம் எடுப்பது, விலை போடுவது, பெட்டி கட்டுவது என்று எல்லாவற்றிலும் இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இங்கே எழுதுவதும் அந்த வரிசையில்தான்.

என்ன செய்து விற்கப் போகிறீர்கள்?

சில்க் திரெட் வளையல், காகிதத்தைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் கம்மல், ரெசின் டாலர், மணிமாலை, டெரகோட்டா, துணி நகை, பித்தளைக் கம்பியில் பின்னியது என்று வழிகள் நிறைய. ஆரம்பிக்கும்போது எல்லாவற்றையும் தொடாதீர்கள். ஒரே பொருள், அதில் பத்து டிசைன் போதும். ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் மூன்று விநாடியில் "ஓ, இவங்க டெரகோட்டா பண்றவங்க" என்று மனதில் பதிய வேண்டும். பத்து டிசைனையும் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிய பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. மொத்தக் கடையில் ரெடிமேட் கம்மல் வாங்கி, ஒரு மணியைக் கூடுதலாகத் தொங்கவிட்டு, "ஹேண்ட்மேட்" என்று போடாதீர்கள். வாங்குபவர் அதே கம்மலைப் பாண்டி பஜார் நடைபாதையில் பார்க்கும் நாள் கட்டாயம் வரும். மணி, கொக்கி, சங்கிலி வாங்கிச் சேர்ப்பது வேறு, அதில் உங்கள் கோர்ப்பும் வடிவமைப்பும் இருக்கிறது. அதைக்கூட "மணிகள் வாங்கியவை, கோர்த்தது நான்" என்று எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பொருள் வாங்கும் நாள்

நாராயண முதலி தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மின்ட் தெரு என்று அந்த வட்டாரமே ஒரு நாள் வேலை. உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். வார நாளில் பதினொரு மணிவாக்கில் போனால் கடைக்காரருக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

மொத்தக் கடையில் மணி கோர்வை கணக்கிலோ எடைக் கணக்கிலோ வரும். கொக்கி, வளையம், பின் எல்லாம் பாக்கெட்டாகவோ குரோஸ் கணக்கிலோ தருவார்கள், ஒரு குரோஸ் என்றால் 144. ஒரு டிசைனுக்கு வேண்டிய மணியை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அதே கடையில் அதே மணி கேட்டால் நிறம் கொஞ்சம் மாறித்தான் வரும், படத்தில் இருக்கும் நிறத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

காதில் போடும் கொக்கியில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும், பலருக்குக் காது சிவந்து புண்ணாகிவிடும். நிக்கல் கலக்காதது அல்லது சர்ஜிகல் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். புதுக் கடையில் வாங்கினால் ஒரு கொக்கியை இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் போட்டுவையுங்கள், இன்னொன்றை நீங்களே ஒரு வாரம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் சென்னை வியர்வை என்ன செய்யும் என்று அதிலேயே தெரிந்துவிடும். பித்தளையும் முலாம் பூசியதும் கடல் காற்றில் சீக்கிரம் கறுக்கும். ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் தாங்கும்.

செய்யும் இடத்திலேயே ஜெயிப்பது

டெரகோட்டா செய்யாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் எந்தக் கைவினையிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் புகார் குறையும்.

மண்ணில் அந்த இடம் காயவைப்பது. நான் நகத்தளவு உருண்டையை உருட்டி, குடைபோல் குழித்து, விளிம்பில் ஊசியால் புள்ளி வைத்து முடித்ததும் நிழலில் வைப்பேன். வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விடும். நான்கைந்து நாள், தினம் ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது இரண்டு மடங்காகும். கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, துண்டை வெடிக்க வைத்துவிடும்.

சுடுவதும் அரைகுறையாக இருக்கக் கூடாது. மண்ணோடு பிணைந்திருக்கும் தண்ணீர் வெளியேற 500, 600 டிகிரி செல்சியஸ் சூடாவது வேண்டும், அதற்குக் கீழே சுட்டது ஈரத்தில் மறுபடி கரைந்துபோகும். சுட்டதை விரலால் சுண்டினால் "டிங்" என்று கேட்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் அதை விற்காதீர்கள். நல்ல காற்றோட்டத்தில் சுட்டால் மண்ணில் உள்ள இரும்பு செம்மண் நிறம் தரும். உமியும் சருகும் போட்டு மூடிப் புகையை அடைத்துவிட்டால் கறுப்பு வரும். பெயின்ட் இல்லாத அந்தக் கறுப்புக்கு என்னிடம் தனி வாடிக்கையாளர்களே இருக்கிறார்கள். மண், சூளை பற்றிய சந்தேகத்துக்குக் கொசப்பேட்டைக்கு ஒரு நடை போய்வாருங்கள். கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற கைகளைப் பார்ப்பதே ஒரு படிப்பு.

விலை போடுவது

நிறையப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். "மண்ணு அஞ்சு ரூபா, கொக்கி பத்து ரூபா, நூறுக்கு வித்தா லாபம்தானே" என்று ஆரம்பித்து, ஆறு மாதத்தில் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் நேரத்துக்குக் கூலி போடாத விலை, விலையே கிடையாது.

ஒரு நடுத்தர ஜிமிக்கி ஜோடிக்கு நான் போடும் கணக்கு இப்படி. மண் 5 ரூபாய், கொக்கியும் மணியும் 12, வண்ணமும் வார்னிஷும் 10, சுடும் செலவில் பங்கு 8. ஆக 35. பத்து ஜோடியை ஒரு ஈடாகச் செய்தால், உருட்டுவதிலிருந்து படம் எடுத்துப் பெட்டி கட்டுவதுவரை ஜோடிக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆகிறது. மணிக்கு 90 ரூபாய் கூலி வைத்தால் 105. மொத்தம் 140. பத்தில் ஒன்று சூளையில் போய்விடும் என்பதால் 1,400 ரூபாயை ஒன்பதால் வகுக்கிறேன், 156. பெட்டி, பை, அட்டை 25. அசல் 181 ரூபாய்.

இதன்மேல் ஃபோன் டேட்டா, கருவித் தேய்மானம், திரும்பி வருவது, அப்புறம் உண்மையான லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 சதவீதம் வைத்தால் சுமார் 255 வரும். சரி, அதற்கே விற்கலாமே என்று தோன்றும். உடையும் நகையும் விற்கும் ஒரு பொட்டீக் கடைக்காரர் "உங்க நகையை வைக்கிறேன், 30 சதவீதம் எனக்கு" என்று கேட்கும் நாளை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். 255-இல் 30 சதவீதம் போனால் கையில் நிற்பது 178 சொச்சம், அசலுக்கும் கீழே. அதனால் நான் 320 என்று போடுகிறேன். கமிஷன் போனாலும் 224 கிடைக்கும், நேரடியாக வாங்குபவருக்குப் பண்டிகைக்குப் பண்டிகை தள்ளுபடி தரவும் இடம் இருக்கும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், கண்காட்சி எங்கே போனாலும் ஒரே விலை இருக்கட்டும்.

எண்கள் உங்களுக்கு மாறும், முறை மாறாது. கூலியை எவ்வளவு வைப்பது என்று குழம்பினால், இதே நேரத்துக்கு நீங்கள் தையல் வேலைக்கோ டியூஷனுக்கோ போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பாருங்கள். அதைவிடக் குறைத்து வைக்காதீர்கள்.

விலையை மறைக்கவும் வேண்டாம். விலைக்கு "டிஎம் பண்ணுங்க", அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள் என்று போட்டால் பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறார்கள். வாங்குபவருக்கு மொத்த விலையைத் தெரியக் காட்ட வேண்டும் என்றுதான் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளும் சொல்கின்றன.

படமும் விவரமும்

விலை உயர்ந்த கேமரா எதுவும் வேண்டாம். ஃபோன் லென்ஸை ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டால் துடையுங்கள், பாதி மங்கல் அதிலேயே போய்விடும். நேர் வெயில் படாத ஜன்னல், முடிந்தால் வடக்கு பார்த்தது, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் நிறம் பொய் சொல்லும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல் இளகும்.

ஒரு நகைக்கு ஐந்து படம். கடை வாசலில் அந்தப் பெண்ணின் கை செய்த ஐந்து வேலையும் இதில் வந்துவிட வேண்டும். காதில் போட்டபடி ஒன்று, கழுத்தும் தோளும் தெரியும்படி. இதுதான் அளவைச் சொல்லும். அடிக்கோல் பக்கத்தில் வைத்து ஒன்று. பின்பக்கமும் கொக்கியும் தெரிய ஒன்று, இதைப் போடுபவர்கள் மிகக் குறைவு, போட்டால் உங்கள் நேர்மை அதில் தெரியும். நிறத்துக்காக வெள்ளைத் தாள் மேல் ஒன்று. கடைசியாகத் தராசின் மேல் ஒன்று. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு எளிதாகக் கிடைக்கிறது, சமையலறைத் தராசு இதற்குச் சரிப்படாது. ஒரு காதுக்கு எட்டு கிராமுக்கு மேல் போனால் நாள் முழுக்கப் போட முடியாது என்பது என் அனுபவம், அப்படிப்பட்டதை "விசேஷத்துக்கு மட்டும்" என்று எழுதிவிடுவேன்.

ஃபில்டர் வேண்டாம். அரக்குச் சிவப்பு ஃபில்டரில் குங்குமச் சிவப்பாகிவிடும். புடவைக்குப் பொருத்தமாக வாங்கியவர் முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விவரம் எழுதுவதில் கவிதை தேவையில்லை. என்னுடைய ஒன்றை அப்படியே தருகிறேன்:

"டெரகோட்டா ஜிமிக்கி. கறுப்பு, விளிம்பில் பழம்பொன் நிறம். கொக்கியோடு உயரம் 4.5 செ.மீ., அகலம் 2.2 செ.மீ. ஒரு காதுக்கு 7 கிராம். ஸ்டீல் கொக்கி. கையால் செய்தது, இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம், ஊற வைக்கக் கூடாது. சென்ட் அடித்துக் காய்ந்த பிறகு போடவும். தரையில் விழுந்தால் உடையும்."

கடைசி வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை எழுதிய பிறகு எனக்கு "உடைஞ்சு போச்சு" புகார்கள் குறைந்தன, விற்பனை குறையவில்லை. உலோக நகை செய்பவர்களுக்கும் இதே பேச்சுதான். வெள்ளி என்று எழுதினால் 925 வெள்ளியாக (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) இருக்கட்டும், முலாம் என்றால் முலாம் என்றே எழுதுங்கள்.

எங்கே கடை போடுவது

முதல் மூன்று மாதம் வாட்ஸ்அப் பிசினஸும் இன்ஸ்டாகிராமும் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். கேட்லாக்கில் 500 பொருள்வரை படம், விலை, விவரத்தோடு வைக்கலாம், அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். முதல் போணி அனேகமாக அபார்ட்மென்ட் குரூப்பிலிருந்தோ பள்ளித் தோழியிடமிருந்தோதான் வரும். அவரிடமும் முழு விலை வாங்குங்கள். வேண்டுமானால் ஒரு சின்னத் தோட்டைக் கூட வைத்துக் கொடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் முடிந்த நகையைவிட, செய்யும் கையைக் காட்டும் ரீல்ஸ்தான் நன்றாக ஓடுகிறது. உருட்டும் விரல், சூளையிலிருந்து எடுத்ததைத் தண்ணீரில் போட்டு எடுப்பது, சுண்டினால் வரும் அந்தச் சத்தம். பின்னணியில் பாட்டு போடாமல் அந்தச் சத்தத்தையே விட்டுவிடுங்கள்.

எட்ஸி மாதிரி வெளிநாட்டுச் சந்தைகள் கைவினைக்கென்றே இருக்கின்றன. அங்கே ஒரு பொருளை நான்கு மாதம் பட்டியலிட 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம் பரிவர்த்தனைக் கட்டணம், பணம் பெறும் கட்டணம் தனி. இங்கே அமேசானில் கைவினைக்கு 'காரிகர்' என்ற பிரிவு உண்டு. இங்கெல்லாம் போவதற்கு முன் மேலே சொன்ன விலைக் கணக்கைக் கமிஷனோடு சேர்த்து இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். சொந்த இணையதளம் மாதம் முப்பது, நாற்பது ஆர்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பணம்

முன்பணம் வாங்கிய பிறகே பொருள் கிளம்ப வேண்டும். யுபிஐக்குக் கட்டணம் இல்லை என்பது நமக்கு வசதி. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகு "வந்துவிட்டது" என்று சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் பின் நம்பர் போட வேண்டியதில்லை, க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு ஃபோன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

பதிவும் வரியும்

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். இதற்குக் காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது கிடையாது. இந்தச் சான்றிதழ் இருந்தால் நடப்புக் கணக்கு, சிறு கடன், அரசுக் கண்காட்சி எல்லாவற்றுக்கும் உதவும்.

பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல். வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாக வரம்பு பார்க்காமல் பதிவு வேண்டும், பட்டியலிட்ட கைவினைப் பொருட்களுக்குச் சில சலுகைகள் உண்டு. பெரிய ஆன்லைன் சந்தைகள் வழியாக மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறியவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் பதிவிலிருந்து விலக்கு இருக்கிறது, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். இமிட்டேஷன் நகைக்கு வரி 3 சதவீதம். உங்கள் பொருள் எந்த வகையில் வரும் என்று ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள், அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. கிண்டியை ஒட்டி ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது, அதையும் விசாரியுங்கள்.

பெட்டி கட்டுவது

ஆரம்பத்தில் கோயம்புத்தூர் மணப்பெண் ஒருவருக்கு ஒரு ஆரமும் ஜிமிக்கியும் அனுப்பினேன். பபுள் கவரில் போட்டு, மேலே பிளாஸ்டிக் கவர், அவ்வளவுதான். கொரியர் மூட்டைக்கு அடியில் சிக்கி, போய்ச் சேர்ந்தபோது டாலர் மூன்று துண்டு. அந்தப் பெண் திட்டவில்லை. "அக்கா, வேற செய்ய நேரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்து, ரயிலில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து பிளாஸ்டிக் கவரில் எதுவும் போவதில்லை.

இப்போது செய்வது இது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக டிஷ்யூவில். ஸ்பாஞ்சில் குழி வெட்டிய சின்னப் பெட்டி. அதைச் சுற்றி பபுள் ராப், அப்புறம் மூன்றடுக்கு அட்டைப்பெட்டி, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாள். மூடிய பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன், உள்ளே சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுவேன். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தடவை தரையில் போட்டும் பார்ப்பேன். நான் கண் முன்னால் போடுவது ஒரு தடவை, வழியில் எத்தனை தடவை விழும் என்று யாருக்குத் தெரியும்?

பெட்டி பெரிதானால் கட்டணமும் ஏறும். கொரியர்கள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவையும், உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 15×12×6 பெட்டி 216 கிராமாகும். 20×15×10 பெட்டியில் அதே ஜிமிக்கியை வைத்தால் 600 கிராம். தமிழ்நாட்டுக்குள் எஸ்டி கொரியர், புரொஃபஷனல் கொரியர் நல்ல வேகம். கிராமத்து முகவரி என்றால் நான் ஸ்பீட் போஸ்ட்தான் போடுவேன், தபால்காரர் போகாத ஊர் இல்லை. கண்காணிப்பு எண்ணை அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.

நாட்காட்டியைப் பார்த்துச் செய்யுங்கள்

வரலட்சுமி நோன்பு, நவராத்திரி, தீபாவளி, மார்கழிக் கச்சேரி, பொங்கல், பிறகு தை மாத முகூர்த்தங்கள் என்று ஆடிக் கடைசி, ஆவணியிலிருந்து தை வரைதான் நம் அறுவடை. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கச் சின்னத் தோடு ஐம்பது ஜோடி, நூறு ஜோடி என்று ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர் வரும். இதை ஆடியிலேயே செய்ய ஆரம்பித்துவிடுங்கள், ஆடியில் கல்யாணம் இல்லாததால் கையும் சும்மா இருக்கும், மண்ணும் நன்றாகக் காயும். மழைக்காலத்தில் டெலிவரி தேதியோடு ஐந்து நாள் கூட்டிச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல தெருக்களிலிருந்து ஒரு பெட்டிகூட நகர முடியவில்லை.

வெளிநாட்டு ஆர்டர்

சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் ஜிமிக்கிக்கு ஆள் இருக்கிறது. விற்பனைக்காக அனுப்ப ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்கான அரசுக் குறியீடு) வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். தபால் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா மூலம் ஏற்றுமதிப் படிவத்தை ஆன்லைனிலேயே பதியலாம். 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலருக்குக் கீழான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா நிறுத்திவிட்டதால், அங்கே வரி உண்டு, அதை யார் கட்டுவது என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வெளியூரோ வெளிநாடோ, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யார், என்ன வாங்கினார், என்ன நிறப் புடவைக்கு, காதில் புண் வரும் என்று சொன்னாரா, மகள் பிறந்தநாள் எந்த மாதம். என் நோட்டில் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் பக்கம் நான்காவது தடவையாக நிரம்பிவிட்டது. போன வாரம் வந்தது அவருடைய நாத்தனாருக்கு, மாம்பழ மஞ்சளில், ஒரு காதுக்கு ஆறு கிராமுக்குள்.